போர்டுக்கும் காத்து வேணும்

என் மருமவ பெனிஷாவப் பத்தி நா ஒசத்தியா பேசுறேன்னு சொன்னா ராயபுரத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ரோஸ்மேரி வாயில இருந்து நல்ல வார்த்த வருதா, ஒடம்புக்கு எதுனா ஆயிடுச்சான்னு கேப்பாங்க. கேட்டா கேக்கட்டும். ஜாக்கெட்டு தைக்கிறவ நானு. அளவு தப்பா சொல்ற பழக்கம் எனக்கு கெடையாது.

அவ பொறந்து வளந்தது எண்ணூராண்ட நெட்டுக்குப்பம். பவர் ஹவுஸ் சாம்பல் பறந்து வந்து சோத்துல வுழுற ஊரு. அங்க வளந்தவளுக்கு எத்தையும் தொறந்து வெக்கத் தெரியாது. தண்ணிக் கொடத்துக்குத் துணி, டிவிக்குத் துணி, அரிசி டப்பாக்கு மூடி போட்டு அதுக்கு மேல ஒரு துணி. நா தச்சிகினே இருப்பேன், டீ குடிக்க எழுந்து போய்ட்டு வரதுக்குள்ள மிஷினுக்குப் போர்வை போத்தி வெச்சிருப்பா. "இன்னாமே, மிஷினுக்குக் குளிர் ஜொரமா?"ன்னு கத்துவேன். சிரிச்சிகினே போயிடுவா. எனக்கு அந்த சிரிப்பப் பாத்தாதான் இன்னும் கோவம் ஏறும்.

என் புள்ள டென்னிசு ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்டுறான். பாதி நாளு கேட்டாண்ட லைன்ல நின்னுகினு கீறான், மீதி நாளு தூங்குறான். வூட்ல நானும் இவளுந்தான். முன் ரூம்புல ஒரு பக்கம் என் தையல் மிஷினு, இன்னொரு பக்கம் இவ கம்ப்யூட்டரு. கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம், எதுவா இருந்தாலும் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டித் தருவா. பழைய லேப்டாப்பு உசுர வுட்டப்போ ரிச்சி தெருவுக்குப் போயி ஒரு காம்போ வாங்கினு வந்தா. காம்போன்னா வேற ஒண்ணியும் இல்ல. கம்ப்யூட்டருக்கு மூளை கீதே, ப்ராசஸரு, அதுவும், அத்த சொருவுற மதர்போர்டும் சேத்து ஒரே பொட்டியில தருவான். கடையில இருந்ததுலயே மலிவானது. அதுக்கு மேல எங்களால ஆவாது.

வாங்கினு வந்தவ சொம்மா இருந்தாளா? இந்த வேகத்துல ஓடுன்னு கம்பெனிக்காரன் அதுக்கு ஒரு அளவு வெச்சி அனுப்புறான். இவ உள்ள பூந்து அந்த அளவ ஏத்துறா. ஓவர்க்ளாக்காம்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிடுச்சி?"ன்னு கேட்டேன்.

"அவன் எல்லாப் பீசுக்கும் ஒரே அளவு சொல்லி அனுப்புறான் அத்தை. கடையில வாங்குன ரெடிமேடு ஜாக்கெட்ட நீங்க அப்பிடியே போட்டுக்குவீங்களா? தையல் பிரிச்சி நம்ம ஒடம்புக்குத் தக்கன வெச்சிக்க மாட்டீங்க?"

ஜாக்கெட்டுன்னு சொல்லி என் வாய அடச்சிட்டா. கேடி.

ஆனா அதுல அவ காட்டுன பொறுமை கீது பாரு, அத்தச் சொல்லணும். வேகத்த ஒரு நூலு ஏத்துவா. பெரிய வேலையா ஒண்ணு குடுத்து ஓட வுடுவா. சூடு எத்தினின்னு பாப்பா. கம்ப்யூட்டரு ஓடாம அப்பிடியே தொங்கிடுச்சின்னா கோச்சிக்க மாட்டா, பழையபடி கொஞ்சம் எறக்கிட்டு, கரண்ட்டு எவ்ளோ கம்மியா குடுத்தா தாங்குதுன்னு மறுபடி பாப்பா. நானா இருந்தா அந்தப் பொட்டிய தூக்கி கடல்ல கடாசிட்டு வந்திருப்பேன். அவ ஒருநாளும் மொகம் சுளிக்கல. கடைசியில அந்த மலிவுச் சரக்கு, பெரிய ஸ்டுடியோக்காரன் மிஷினு மாரி ஓடுச்சி. ஓடுச்சின்னு நா சொல்லல, பாத்த ஸ்டுடியோக்காரனே சொன்னான்.

ஒரே ஒரு விசயம்தான் அவளுக்குப் புடிக்கல. காம்போவோட வந்த குட்டி ஃபேனு மேல இருந்து காத்த இழுத்து நேரா போர்டு மேல அடிக்கும். காத்தோட தூசும் வரும். இங்க எண்ணூர் சாம்பல் இல்லன்னாலும் கன்டெய்னர் லாரி கெளப்புற தூசு கொறச்சலா? தொறந்து பாத்தா போர்டு மேல மெலிசா சாம்பக் கலர்ல படிஞ்சிருக்கும். அத்தப் பாத்தாலே அவ மொகம் சுருங்கிடும். "எங்க ஊரு கணக்கா ஆயிடுச்சி அத்தை"ன்னு பிரஷ்ஷால தொடச்சிகினே இருப்பா.

அதனால ஒசரமா கோபுரம் மாரி ஒரு கூலரு வாங்கிப் போட்டா. அதுல காத்து ஒரு பக்கம் பூந்து இன்னொரு பக்கமா பின்னால போயிடும், போர்டத் தொடாது. ஒரு வாரம் கழிச்சி தொறந்து காட்டுனா. "பாருங்க அத்தை, ஒரு பொட்டு தூசு இல்ல." சின்னப் புள்ள மாரி அப்பிடி ஒரு சந்தோசம். குட்டி ஃபேன கயட்டி என் பட்டன் டப்பா பக்கத்துல வெச்சிட்டா.

இப்போ கெங்கம்மா கதைக்கு வரேன்.

கெங்கம்மா எங்க எதிர் வூடு. புருசன் கடலுக்குப் போனவன் திரும்பல. ஒத்தப் பொண்ணு மதிய வளத்து ஆளாக்கி, தூத்துக்குடி துறைமுகத்துல வேல பாக்குற பையனாப் பாத்து முடிச்சா. திருவொத்தியூர்ல மண்டபம். காலைல கல்யாணம், சாயங்காலம் ரிசப்ஷன், அது முடிஞ்ச கையோட பொண்ணும் மாப்ளையும் ரயிலேறணும். மதிக்கு ஜாக்கெட்டு நாந்தான் தச்சேன். அத்த வாங்க வந்தப்போ கெங்கம்மா சாதாரணமா சொல்றா, "தாலி கட்டசொல்ல நா சாப்பாட்டுக் கட்டுப் பக்கம் இருப்பேன் ரோஸு. நீ முன்னாடி நின்னு பாத்துக்க."

எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ கோவம். "இன்னாத்துக்கு? நானுந்தான் புருசனப் பறிகுடுத்தவ. எம் புள்ள கல்யாணத்துல கோயில்ல மொத ஆளா நிக்கல? வானம் இடிஞ்சி வுழுந்துச்சா?"

"உங்க பக்கம் வேற, எங்க பக்கம் வேற. நா முன்னால நின்னு நாளைக்கு அதுக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா? ஊரு சொல்றத வுடு, எம் மனசே என்னைக் கொன்னுடும்." கத்தல, அழுவல. அவ பாட்டுக்கு ஜாக்கெட்ட மடிச்சிகினே சொன்னா.

நா இன்னும் நாலு வார்த்த கேட்டிருப்பேன். பெனிஷா குறுக்க வந்தா. "அக்கா, சாயங்காலம் ரிசப்ஷன்ல பெரிய ஸ்கிரீன் வெக்கிறாங்கல்ல? காலைல எடுத்தத சாயங்காலமே அதுல போட்டுடறேன். நீங்க மொத வரிசைல குந்தினு பாருங்க. உங்க பொண்ணு கல்யாணத்த நீங்க எல்லாரோடயும் பாக்கறீங்க."

கெங்கம்மா மடிச்ச ஜாக்கெட்டக் கீழ வெச்சா. "நெசமாவா?"

"நெசமா."

அவ்ளோதான். தெரு பூரா சொல்லிட்டா கெங்கம்மா. நா சாயங்காலம் பாப்பேன், மொத வரிசை, பெரிய ஸ்கிரீனு. காய் வாங்கப் போன எடத்துல சொல்லிட்டா, தண்ணி லாரியாண்ட சொல்லிட்டா. "போன்ல அனுப்பி வெச்சா அப்பால பாத்துக்க மாட்டாளா, எதுக்குமே வாக்கு குடுத்த?"ன்னு பெனிஷாவக் கேட்டேன்.

"போன்ல பாக்கறதுன்னா இன்னொரு மூலைல குந்தினு தனியா பாக்கறதுதான அத்தை"ன்னா.

கல்யாணம் நல்லா நடந்துச்சி. பெனிஷா கையில ஒரு கேமரா, மண்டபத்துக் கடைசியில ஸ்டாண்டுல ஒரு கேமரா. மத்தியானம் வூட்டுக்கு வந்து, சேலைய இழுத்து சொருவிகினு குந்துனவதான். சோறு ஊட்டி வுடாத கொறை, நா பெசஞ்சி கையில குடுத்தேன். வெட்டுறா, ஒட்டுறா, பாட்டு சேக்குறா. திடீர்னு கை நின்னுடுச்சி.

"அத்தை, இங்க வாங்க."

ஸ்டாண்டு கேமரால எடுத்தது. மொத்த மண்டபமும் தெரியுது. ஒரு ஓரமா சாப்பாட்டுக் கட்டுக் கதவு. அத்தப் பெருசாக்கிக் காட்டுனா. கதவு சந்துல இருட்டுல பாதி மொகம். கெங்கம்மா. மேளம் கெட்டியா அடிக்கிற நேரம், எட்டிப் பாக்குறா. கையில அட்சதை வெச்சினு கீறா. அங்க இருந்தே வீசுறா. அது மேடை வரைக்கும் எங்க வரப் போவுது, அவ காலாண்டதான் வுழுது.

நா ஸ்கிரீன்ல அந்த மொகத்தாண்ட வெரல வெச்சேன்.

"இத்த தாலி கட்டற எடத்துல பக்கத்துலயே சேத்துடறேன்"ன்னா பெனிஷா.

"அவ கோச்சிக்க மாட்டா?"

"கோச்சிகினா என்னைத் திட்டட்டும். அவங்க அங்க இருந்தாங்க அத்தை. இல்லன்னு சொல்ல நா யாரு?"

ஆனா அந்தத் துண்டு இருட்டு, பொரிப் பொரியா கீது. அத்த வெளிச்சமாக்கி, புள்ளி எடுத்து, மெதுவா ஓட வெக்கணும். கம்ப்யூட்டருக்கு அதான் பெரிய சொமை. எல்லாத்தையும் முடிச்சி, முழுப் படமா மாத்துறதுக்கு ஓட வுட்டா. ரெண்டர்னு சொல்லுவா. ஒரு மணி நேரத்துல ஆயிடும்னா. எனக்கும் நிம்மதி, பொடவை மாத்தப் போயிட்டேன்.

மாத்திட்டு வந்து பாத்தா அவ மொகம் செத்துக் கெடக்குது. "வேகம் வுழுந்துடுச்சி அத்தை. இப்பிடியே போனா ராத்திரி ஆயிடும்."

"சூடாயிடுச்சா?"

"அதான் புரியல. ப்ராசஸரு சில்லுனுதான் கீது. சூடு ஏறவே இல்ல. ஆனா ஓட மாட்டேங்குது."

அந்த நேரம் பாத்து ஸ்கிரீன் வெக்கிற பையன் ஷாரிக் போன் பண்றான். "அக்கா, ஆளுங்க வந்துகினு கீறாங்க. அந்தக் கெங்கம்மா அப்பவே வந்து மொத வரிசைல குந்திட்டாங்க. எப்போ வரும், எப்போ வரும்னு என்னைக் கேட்டுகினே கீறாங்க."

நா வாசல் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வந்தேன். "ஐஸ் வெச்சிப் பாக்கலாம்மே! காசிமேட்டுல இல்லாத ஐஸா? ஆள அனுப்புறேன்."

"வேணாம் அத்தை. ஐஸ் வெச்சா உள்ள வேர்த்துடும். போர்டு மேல தண்ணி பட்டா மொத்தமும் போயிடும்."

"அப்போ அந்தக் கதவுத் துண்ட வெட்டிப் போடு! அதானே சொமை? மத்தத ஓட்டு. அவ தாலி கட்டறதப் பாத்தா போதும்!"

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து என்னாண்ட கொரல் ஒசத்தாதவ, அன்னிக்கு ஒசத்துனா. "அத்த எடுத்துட்டா இது யாரோ எடுத்த கல்யாண வீடியோ அத்தை. வாய மூடினு கொஞ்சம் இருக்கீங்களா?"

நா மூடினேன். என்னை வாய மூடச் சொன்னவங்க அந்தத் தெருவுலயே கெடையாது. ஆனா மூடினேன்.

அவ பொட்டியோட பக்கத் தகட்டக் கயட்டுனா. ஓடினு இருக்கசொல்லவே கைய உள்ள வுட்டா. கோபுரக் கூலரத் தொட்டா, சில்லுனு கீது. அதுக்குப் பக்கத்துல போர்டு மேல வரிசையா சின்னச் சின்னக் கறுப்புக் கட்ட மாரி கீது. அதாண்ட வெரலக் கொண்டு போனவ வெடுக்குனு இழுத்துகினா. வெரலு செவந்து போச்சி. சுட்ட வெரல வாயில வெச்சிகினு அப்பிடியே நின்னா. அப்பால சிரிச்சா பாரு, எனக்குப் பயமாயிடுச்சி, புத்தி பெசகிடுச்சோன்னு.

"நாந்தான் அத்தை காத்த நிறுத்திட்டேன்."

"இன்னாமே சொல்ற?"

"ப்ராசஸருக்கு வேண்டிய கரண்ட்ட இந்தக் கட்டைங்கதான் பிரிச்சிக் குடுக்குது. நா வேகத்த ஏத்தி வெச்சிருக்கேன், இதுங்களுக்கும் வேல ஜாஸ்தி. பழைய குட்டி ஃபேனு போர்டு மேல காத்தடிக்கசொல்ல இதுங்களும் சேந்து ஆறிகினு இருந்துச்சி. தூசு வருதுன்னு நா அத்த மாத்திட்டேன். இதுங்க வெந்துகினு கீது. இதுக்கு மேல தாங்காதுன்னு போர்டே வேகத்தப் புடிச்சி இழுக்குது."

எண்ணூர்ல பொறந்தவளுக்கு மட்டுந்தான் இந்தத் தப்பு வரும். காத்துன்னா சாம்பல்னு பொறந்ததுல இருந்து பழகிட்டா. சாம்பல் வரக்கூடாதுன்னு காத்தையே வேணாம்னுட்டா. ஊரு அவ ஒடம்புக்குள்ள அப்பிடி ஊறிக் கெடக்குது, யாரு இன்னா பண்றது?

அதுக்கப்பறம் அவ பண்ணதுதான் நா சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். பாதி கெணறு தாண்டி ஓடினு இருந்த ரெண்டர நிறுத்துனா. அதுவரைக்கும் ஓடுனது அத்தினியும் போச்சி. "அடிப்பாவி!"ன்னு கத்திட்டேன். அவ காதுல வாங்கல. கம்ப்யூட்டர மொத்தமா அணைச்சா. என் பட்டன் டப்பாவாண்ட இருந்த குட்டி ஃபேன எடுத்தா.

"அத்தை, கட்டுறதுக்கு எதுனா குடுங்க. கம்பி வேணாம்."

தையக்காரி வூட்ல பாவாட நாடாக்கா பஞ்சம்? ஒரு மொழம் வெட்டிக் குடுத்தேன். ரெண்டு பக்கமும் பொட்டிச் சட்டத்துல முடிச்சுப் போட்டு, அந்தக் கறுப்புக் கட்டைங்க மேல நேரா காத்தடிக்கிற மாரி ஃபேனத் தொங்க வுட்டா. ஒயர போர்டுல இன்னொரு எடத்துல சொருவுனா. தகட்டத் திருப்பி மூடல. தெருப் பக்கத்து ஜன்னலத் தொறந்தா. நெட்டுக்குப்பத்துக்காரி, ஜன்னலத் தொறந்து பொட்டிய வாய் பொளக்க வெச்சிகினு நிக்கிறா, வெளிய லாரி போவுது, தூசு வருது. அவ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

கம்ப்யூட்டரப் போட்டதும் மொத வேலையா அளவு மாத்துற நீலக் கலர் பக்கத்துக்குப் போயி, தான் ஏத்தி வெச்ச வேகத்த ரெண்டு படி எறக்குனா.

"ஏன்மே எறக்குற? அவசரத்துல ஏத்தத்தான வேணும்?"

"மூச்சு வாங்காம கடைசி வரைக்கும் ஓடணும் அத்தை. நடுவுல நின்னுட்டா இனிமே நேரம் இல்ல."

எத்தினி நாளு ஒக்காந்து, நூலு நூலா ஏத்துன வேகம் அது. ஸ்டுடியோக்காரன் வாயப் பொளந்த வேகம். ஒரு நிமிசம் யோசிக்காம எறக்கிட்டா. கெட்டிக்காரத்தனம் பண்றவங்க நெறைய பேர நா பாத்திருக்கேன், பண்ண கெட்டிக்காரத்தனத்த வேண்டிய நேரத்துல தூக்கிப் போடறவங்களப் பாத்ததில்ல. அவ மேல எனக்கு மரியாத வந்தது அந்த நிமிசந்தான். சொன்னா சொல்லிகினு போறேன், எனக்கு இன்னா வெக்கம்.

மறுபடி மொதல்ல இருந்து ஓட வுட்டா. நா மாதாவ வேண்டிகினு ஸ்கிரீனையே பாத்துகினு நின்னேன். எவ்ளோ முடிஞ்சிதுன்னு காட்டுற பச்சக் கோடு நவுருது. கதவுத் துண்டு வர எடத்துல கொஞ்சம் தெணறுச்சி. ஆனா நிக்கல. நாடாவுல ஆடிகினே அந்தக் குட்டி ஃபேனு காத்தடிக்குது. பெனிஷா நடுநடுல வெரல வெச்சிப் பாக்குறா. "தாங்குது அத்தை, தாங்குது." முடிஞ்சதும் பென்டிரைவப் புடுங்கிகினு ரெண்டு பேரும் ஆட்டோல ஏறுனோம். திருவொத்தியூர் ரோடு பூரா லாரி. நா தலைய வெளிய நீட்டி ஒவ்வொரு ட்ரைவரையும் திட்டிகினே போனேன். எங்க டென்னிசு வண்டியும் அதுல இருந்துச்சாம், அவனையும் சேத்துத்தான் திட்டியிருக்கேன்.

மண்டபத்துல மாப்ள வூட்டுக்காரங்க ரயிலுக்கு எடுத்துனு போற பொட்டி, பையெல்லாம் வாசலாண்ட அடுக்கிட்டாங்க. ஷாரிக் ஓடி வந்து வாங்கினு போனான். கெங்கம்மா மொத வரிசை நடுவுல குந்தினு கீறா. எங்களப் பாத்ததும் எழுந்தா. "வராதுன்னு சொன்னாங்க ரோஸு. நா வரும்னு சொன்னேன்." அவ்ளோதான் சொன்னா. நா அவ பக்கத்துல குந்துனேன்.

லைட்ட அணைச்சாங்க. மணவறை, மாலை மாத்துறது, எல்லாம் ஆளு ஒசரத்துக்குத் தெரியுது. கெங்கம்மா கைய நெஞ்சுல வெச்சிகினு பாக்குறா, இமை கொட்டல. கெட்டி மேளம். தாலி முடிச்சு வுழுது. அந்த எடத்துல ஸ்கிரீனு ரெண்டாப் பிரிஞ்சிது. ஒரு பக்கம் மதி. இன்னொரு பக்கம் கதவு சந்துல கெங்கம்மா. இருட்டு போயி மொகம் பளிச்சினு தெரியுது. மெதுவா கையத் தூக்கி அட்சதைய வீசுறா.

பின் வரிசைல இருந்தவங்க எழுந்து நின்னு பாக்குறாங்க.

"அய்யய்யோ"ன்னு கெங்கம்மா முந்தானையால மொகத்த மூடிகினா. "உன் மருமவ இன்னா காரியம் பண்ணிட்டா ரோஸு. எல்லாரும் பாத்துட்டாங்களே." எழுந்து பின்னால ஓடப் பாத்தா. நா கையப் புடிச்சேன், உதறிட்டா. பெனிஷா செவுத்தோரமா நின்னுகினு கீறா, மொகம் வெளுத்துப் போச்சி. நா அவளாண்ட போயி நின்னுகினேன். திட்டு வுழுந்தா ரெண்டு பேருக்கும் சேத்து வுழட்டும்னு.

அதுக்குள்ள மேடையில இருந்து மதி மாலையோட எறங்கி ஓடி வந்து அவ அம்மாவ வழி மறிச்சா.

"எங்கம்மா போற?"

"வுடுடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நா காலைலயே பாத்துட்டேன்." மதிக்கு அழுவையும் கோவமும் சேந்து வருது. "ஐயரு குனிம்மா, குனிம்மான்னு எத்தினி தபா சொன்னாரு தெரியுமா? நா குனியல. நீ அந்தக் கதவாண்ட வர வரைக்கும் குனியல. உன் மொகம் தெரிஞ்சப்பறந்தாம்மா நா கழுத்த நீட்டுனேன்."

கெங்கம்மா முந்தானையக் கீழ வுட்டா. பொண்ணு மொகத்தத் தடவிப் பாத்தா. அப்பால மெதுவா திரும்பி வந்து, மொத வரிசைல அதே நாற்காலில குந்தி, மதியப் பக்கத்துல இழுத்துக் குந்த வெச்சிகினா.

"ஏ தம்பி ஷாரிக்"ன்னா, மண்டபத்துக்கே கேக்குற மாரி. "இன்னொரு தபா போடு."